விக்கல் பையனும் பொக்கைவாய் டிராகனும்: காதால் கேட்கும் 12 கதைகள்

பெற்ற மகனுக்கு ‘விக்கல்’ என்று பெயர் வைக்கும் தகப்பன் உண்டா? கதையில் உண்டு! வடகடல் தீவு ஒன்றை ஆண்ட முரட்டு வைக்கிங் தலைவன் ஸ்டோயிக், தன் ஒரே மகனுக்கு ‘ஹிக்கப்’ என்று பெயர் வைத்தான். ஹிக்கப் என்றால் ஆங்கிலத்தில் விக்கல்.

மகனும் பெயருக்கு ஏற்றவன்தான். வயது பத்தரை. ஒல்லிக்குச்சி உடம்பு. சண்டை தெரியாது. கூட்டத்தில் நின்றால் யார் கண்ணுக்கும் தென்பட மாட்டான். ஆனால் அந்தத் தீவில் வேறு யாருக்கும் இல்லாத திறமை ஒன்று அவனிடம் உண்டு. அவனுக்குப் பிறர் பேசுவதைப் பொறுமையாகக் கேட்கத் தெரியும்.

இந்தப் பையனின் கதை 12 புத்தகங்களாக நீள்கிறது. ‘ஹவ் டு டிரெயின் யுவர் டிராகன்’ (உன் டிராகனைப் பழக்குவது எப்படி?) என்பது வரிசையின் பெயர். எழுதியவர் கிரெசிடா கவெல் என்ற ஆங்கில எழுத்தாளர். முதல் புத்தகம் 2003-ல் வந்தது. 12-வது புத்தகம் 2015-ல் வந்து கதையை முடித்தது.

இதே பெயரில் 2010-ல் வந்த ஹாலிவுட் கார்ட்டூன் படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். ஆனால் சினிமா வேறு, புத்தகம் வேறு. இரண்டையும் விட்டு மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. 12 புத்தகங்களையும் ஒருவர் வரி விடாமல் வாசிக்க, கண்ணை மூடிக்கொண்டு கேட்பதுதான் அந்த வழி!

தீவில் பிறந்த கதை

கிரெசிடா கவெல் 1966-ல் லண்டனில் பிறந்தவர். அவர் சிறுமியாக இருந்தபோது, ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் ஆளில்லாத ஒரு சிறு தீவுக்குக் குடும்பத்தோடு போவது வழக்கம். படகுக்காரர் ஒருவர் அவர்களைத் தீவில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார். இரண்டு வாரம் கழித்துத்தான் மறுபடி வருவார்.

அந்தத் தீவில் வீடு இல்லை, ரோடு இல்லை, மின்சாரம் இல்லை. டெலிபோனோ டெலிவிஷனோ இருக்க வழியே இல்லை. பின்னால் அங்கே கல்லால் ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டு, கோடை முழுவதும் தங்க ஆரம்பித்தார்கள். அப்போதும் இரவில் மெழுகுவர்த்தி வெளிச்சம்தான்.

இருட்டிய பிறகு அப்பா கதை சொல்வார். முன்னொரு காலத்தில் அந்தக் கடற்பகுதி மீது படையெடுத்து வந்த வைக்கிங்குகளின் கதை. ஒருவரோடு ஒருவர் ஓயாமல் மோதிக்கொண்ட கூட்டங்களின் கதை. மலைக் குகைகளில் வசித்ததாகச் சொல்லப்படும் டிராகன்களின் கதை. கிரெசிடா ஒன்பது வயதிலேயே வைக்கிங் கதையும் டிராகன் கதையும் எழுதத் தொடங்கிவிட்டார்.

வைக்கிங் கதை வெறும் கற்பனையல்ல. நார்வே, டென்மார்க் பக்கமிருந்து கப்பலேறி வந்த அந்தக் கொள்ளைக்காரர்கள் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் குடியேறியதும் உண்டு. 1266-ல் பெர்த் என்ற ஊரில் ஏற்பட்ட உடன்படிக்கைக்குப் பிறகுதான் அந்தத் தீவுகள் நார்வே அரசனின் கையை விட்டு ஸ்காட்லாந்து அரசனிடம் வந்தன.

ஆக, இந்தப் புத்தகங்கள் முதலில் காதில் விழுந்த கதைகள். பிறகுதான் காகிதத்தில் ஏறின. இன்று மறுபடியும் காதுக்கே திரும்பி வந்திருக்கின்றன.

“கத்து!” என்றது புத்தகம்

முதல் கதை இது. பெர்க் என்ற தீவில் பையன்களுக்கு ஒரு சோதனை வைக்கிறார்கள். குளிர்காலத்தில் மலை ஏறி, டிராகன்கள் உறங்கும் குகைக்குள் புகுந்து, ஆளுக்கு ஒரு டிராகனைக் கூடையில் போட்டுக்கொண்டு வரவேண்டும். டிராகன் என்றால் இறக்கை முளைத்த, நெருப்புக் கக்கும் பிராணி. சோதனையில் தோற்றவனுக்கு ஊரில் இடமில்லை, நாடு கடத்தல்தான்!

ஹிக்கப்புக்கு ஃபிஷ்லெக்ஸ் என்று ஒரு நண்பன். அவன் ஹிக்கப்பை விட நோஞ்சான். டிராகன் பக்கத்தில் வந்தாலே அவனுக்குத் தும்மல் வரும். அவனுக்கு ஒன்றும் அகப்படாததால், ஹிக்கப் தான் பிடித்ததை அவனிடம் கொடுத்துவிட்டு, மறுபடி குகைக்குள் நுழைகிறான். இரண்டாம் முறை கையில் கிடைத்ததோ ஊரே சிரிக்கும் பொடியன். வாயில் ஒரு பல் கூட இல்லை. ‘டூத்லெஸ்’ என்று பெயர் அமைந்துவிட்டது. நம் பாஷையில் பொக்கைவாய்!

டிராகனைப் பழக்குவது எப்படி என்று அந்த ஊரில் ஒரே ஒரு கைப்புத்தகம் இருக்கிறது. படித்த பேராசிரியர் ஒருவர் எழுதியது. ஆவலோடு பிரித்துப் பார்த்தால் அதில் இருக்கும் யோசனை ஒன்றே ஒன்றுதான்: டிராகனைப் பார்த்துக் கத்து! எவ்வளவு பலமாகக் கத்துகிறாயோ அவ்வளவு நல்லது!

ஹிக்கப்புக்குக் கத்த வராது. ஆனால் டிராகன்களின் பாஷை தெரியும். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் பாஷையைப் பேசக்கூடாது என்று அவன் அப்பாவே தடை போட்டிருக்கிறார். மணிக்கணக்கில் உட்கார்ந்து, கவனித்து, கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டான். பொக்கைவாயிடம் கெஞ்சுகிறான், பேரம் பேசுகிறான், வேடிக்கை சொல்லிச் சிரிக்க வைக்கிறான். அது சொன்ன பேச்சைக் கேட்டால்தானே! பிடிவாதத்தில் ஒரு வீட்டுக் கடைக்குட்டி தோற்றுப்போகும்.

பிறகு கடலிலிருந்து மலை போன்ற ஒரு டிராகன் கரையேறுகிறது. வைக்கிங் வீரர்கள் அத்தனை பேரும் சேர்ந்து தொண்டை கிழியக் கத்துகிறார்கள். அது அசையவில்லை. அதனோடு நின்று பேச அந்தத் தீவிலேயே ஒருவனால்தான் முடியும். அது அந்த விக்கல் பையன். மிச்சத்தைச் சொன்னால் கேட்பவர்களின் சுவை கெட்டுவிடும்.

ஒரே தொண்டை, ஓர் ஊர்க் கூட்டம்

இந்த 12 புத்தகங்களையும் ஒலிப்பதிவுக்காக வாசித்தவர் டேவிட் டெனன்ட். 1971-ல் ஸ்காட்லாந்தின் பாத்கேட் நகரில் பிறந்த நடிகர். ‘டாக்டர் ஹூ’ டெலிவிஷன் தொடரில் 2005 முதல் 2010 வரை கதாநாயகனாக நடித்துப் பெயர் பெற்றவர். அந்தத் தொடரில் அவர் தம் சொந்த ஊர்ப் பேச்சை மறைத்து, லண்டன் பக்கத்து ஆங்கிலம் பேசி நடித்தார். டிராகன் கதையிலோ ஸ்காட்லாந்துப் பேச்சின் பல சாயல்களைத் தாராளமாக அவிழ்த்துவிடுகிறார். கதை பிறந்த மண்ணின் குரல் அது. கதைக்கும் குரலுக்கும் அவ்வளவு பொருத்தம்!

தலைவன் ஸ்டோயிக் பேசினால் ஓர் இடி முழக்கம். ஆசான் கோபர் பேசினால் இன்னொரு முழக்கம். இரண்டும் ஒன்று போல இருக்காது. பொக்கைவாய் சிணுங்கும்போது கீச்சென்று திக்கித் திக்கி வருகிறது குரல். கடல் டிராகனோ நிதானமாக, அவசரமே இல்லாமல் பேசுகிறது. பயமுறுத்துவது அந்த நிதானம்தான். இத்தனையும் ஒரு மனிதரின் தொண்டையிலிருந்து புறப்படுகிறது!

இது எளிய வேலையல்ல. நாடகத்தில் வேஷம் உண்டு, விளக்கு உண்டு, கை கால் உண்டு. இங்கே குரல் ஒன்றுதான் மூலதனம். யார் பேசுகிறார்கள் என்று அரை நொடியில் கேட்பவருக்குத் தெரிந்தாக வேண்டும். முதல் புத்தகத்தில் ஒருவனுக்குக் கொடுத்த குரலை, வருஷங்கள் கழித்து வரும் கடைசிப் புத்தகத்திலும் மாறாமல் கொடுத்தாக வேண்டும்.

வாசிப்பது சத்தம் புகாத சின்ன அறையில். காகிதம் சலசலத்தால் மைக்கில் விழும். நாற்காலி முனகினால் விழும். பசியில் வயிறு இரைந்தால் அதுவும் விழும்! நாக்கு புரண்டால் அந்த வரியை மறுபடி வாசிக்க வேண்டும். ஒரு மணி நேரம் கேட்கும் ஒலிக்குப் பின்னால் அதைப்போல் இரண்டு பங்கு, சில சமயம் அதற்கும் மேலான உழைப்பு இருக்கிறது.

ஒரு வேடிக்கை. 2010 கார்ட்டூன் படத்திலும் இந்த டெனன்ட் ஒரு சின்னப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்திருக்கிறார். படத்தில் ஒரு சின்ன வேஷம். ஒலிப் புத்தகத்தில் அத்தனை வேஷமும் அவருக்கே!

காது பக்கம் தள்ளாது

பெரியவர்கள் பலரும் இந்தச் சிறுவர் கதையை விரும்பிக் கேட்கிறார்கள். சமையல் செய்துகொண்டே, கார் ஓட்டிக்கொண்டே, துணி மடித்துக்கொண்டே கேட்கிறார்கள். படித்தறியாத சுவை இதில் என்ன இருக்கிறது?

குகைக் காட்சியை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் டிராகன்கள் உறங்குகின்றன. இருட்டு. பையன்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நடக்கிறார்கள். புத்தகத்தில் படிக்கிறவருக்குப் பயம் தாளவில்லை என்றால், கண் தானாகப் பக்கத்தின் அடிவரிக்குத் தாவிவிடும். தப்பித்தார்களா இல்லையா என்று பார்த்துவிட்டு நிம்மதியாக மேலே வரலாம். காதுக்கு அந்தத் திருட்டு வழி கிடையாது. வாசிப்பவர் குரலைத் தாழ்த்தினால் கேட்பவரும் தலையைச் சாய்க்க வேண்டியதுதான். அவர் நிறுத்தினால் காத்திருக்க வேண்டியதுதான். பாட்டியிடம் கதை கேட்டவர்களுக்கு இந்த அவஸ்தை புதிதல்ல!

நஷ்டமும் உண்டு. கிரெசிடா கவெல் தம் புத்தகங்களுக்குத் தாமே படம் வரைந்திருக்கிறார். சிறு பையன் கிறுக்கியது போன்ற படங்கள், மைக்கறை, தேசப்படம், டிராகன்களின் அளவும் குணமும் சொல்லும் குறிப்புகள் என்று பக்கத்துக்குப் பக்கம் விருந்து. ஒலியில் இவற்றைப் பார்க்க முடியாது. கேட்டுவிட்டுப் புத்தகத்தைத் தேடி ஓடும் பிள்ளைகளும், புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டே கேட்கும் பிள்ளைகளும் உண்டு. அது லாபம்தானே!

போர் தந்த பேசும் புத்தகம்

பேசும் புத்தகம் இன்று நேற்று வந்ததல்ல. முதல் உலகப் போரில் கண்ணிழந்த பிரிட்டிஷ் வீரர்கள் பலர். வளர்ந்த வயதில் பிரெயில் எழுத்தைத் தடவிப் படிக்கப் பழகுவது அவர்களுக்குச் சிரமமாக இருந்தது. அவர்களை மனத்தில் வைத்து, பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனம் 1935 நவம்பரில் பேசும் புத்தகங்களை வெளியிட்டது. முதலில் வந்தவற்றில் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல் ஒன்று, ஜோசப் கான்ராடின் கடல் கதை ஒன்று. இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்குச் சுமார் 25 நிமிடம். ஒரு நாவலுக்குப் பத்துத் தட்டுகள் வரை தேவைப்பட்டன!

1963-ல் பிலிப்ஸ் கம்பெனி கேசட்டை அறிமுகப்படுத்தியது. 1979-ல் சோனியின் வாக்மேன் வந்து, நடந்துகொண்டே கேட்க வழி செய்தது. அமெரிக்காவில் 1995-ல் தொடங்கிய ‘ஆடிபிள்’ நிறுவனம், கம்ப்யூட்டர் வழியாக ஒலிப் புத்தகங்களை விற்கும் முறையை வளர்த்தது. 2008-ல் அதை அமேசான் வாங்கியது. 2018-ல் இந்தியாவுக்கும் வந்தது. பத்துத் தட்டில் அடங்கிய நாவல் இன்று கைப்பேசியின் ஒரு மூலையில் கிடக்கிறது. பிரிட்டனில் பொது நூலக உறுப்பினர் அட்டை இருந்தால், ஒலிப் புத்தகங்களைக் காசில்லாமல் கைப்பேசியிலேயே இரவல் வாங்கலாம்.

கேட்டால் படிப்பு கெடுமா?

“பிள்ளை கதையைக் கேட்டுக்கொண்டே இருந்தால் படிக்கும் பழக்கம் போய்விடாதா?” என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான்.

படிப்பில் இரண்டு வேலைகள் அடங்கியிருக்கின்றன. எழுத்துக் கூட்டிச் சொல்லை அடையாளம் காண்பது ஒன்று. சொன்ன விஷயத்தைப் புரிந்துகொள்வது மற்றொன்று. சிறு வயதில் முதல் வேலையிலேயே பிள்ளையின் பலம் முழுவதும் செலவாகிவிடுகிறது. வரி முடிவதற்குள் வரியின் ஆரம்பம் மறந்துபோகிறது. ஆனால் அதே பிள்ளை, தன்னால் படிக்க முடியாத கடினமான கதையைக் காதால் கேட்டு நன்றாகப் புரிந்துகொள்கிறது. நடுநிலைப் பள்ளி வயது வரை பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காதின் அறிவு கண்ணின் அறிவை விட முந்தியே செல்கிறது என்பது கல்வியாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவருவது.

எழுத்துக் கூட்டிப் படிப்பது சிரமமாக இருக்கும் ‘டிஸ்லெக்ஸியா’ என்ற குறையுள்ள பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. வகுப்பில் மற்றவர்கள் தடித்த புத்தகம் படிக்கும்போது, அவர்கள் மட்டும் குழந்தைப் புத்தகத்தோடு உட்கார வேண்டியதில்லை. அதே கதையை அவர்களும் கேட்கலாம், அதே கதையைப் பற்றிப் பேசலாம். ‘மக்கு’ என்ற பட்டம் விழுவதற்கு முன்னால் கதை அவர்களைக் காப்பாற்றுகிறது. ஹிக்கப்பையும் ஊரார் உதவாக்கரை என்றுதானே சொன்னார்கள்?

அதற்காக எழுத்தைக் கைவிட்டுவிட முடியாது. கேட்டே வளரும் பிள்ளைக்கு எழுத்துப் பிழை தானாகத் திருந்தாது. கவனம் சிதறினால் காதுக்குள் கதை ஓடிக்கொண்டே இருக்கும், மனம் வேறெங்கோ இருக்கும். எழுத்துப் பயிற்சி ஒரு பக்கம் நடக்கட்டும். கதையின் மேல் ஆசை பிறக்கக் கேள்வி துணை செய்யட்டும். இரண்டும் சண்டைக்காரர்கள் அல்ல.

கிரெசிடா கவெல் 2019 முதல் 2022 வரை பிரிட்டனின் ‘சில்ட்ரன்ஸ் லாரியட்’ என்ற கௌரவப் பதவியில் இருந்தார். குழந்தை இலக்கியத்துக்கு அங்கே வழங்கப்படும் பெரிய சிறப்பு அது. அப்போது அவர் பிள்ளைகளின் உரிமைகள் என்று பத்து அம்சங்களை வெளியிட்டார். சந்தோஷத்துக்காகப் படிப்பது ஓர் உரிமை. சொந்தமாக ஒரு புத்தகம் வைத்திருப்பது ஓர் உரிமை. தனக்கு யாராவது வாய்விட்டு வாசித்துக் காட்ட வேண்டும் என்பதும் ஓர் உரிமை! 2021-ல் இங்கிலாந்தின் ஆறு ஆரம்பப் பள்ளிகளில் நல்ல நூலகம் அமைக்கும் திட்டத்தையும் தொடங்கி வைத்தார்.

வள்ளுவர் வைத்த வரிசை

இந்த விஷயத்தில் தமிழர்களுக்கு வெளியார் பாடம் சொல்லத் தேவையில்லை. திருக்குறளில் கல்வி 40-வது அதிகாரம். கல்லாமை 41. அதற்கு அடுத்த 42-வது அதிகாரமே கேள்வி! கல்லாமைக்குப் பின் கேள்வியை வைத்ததில் ஒரு கருணை தெரிகிறது. படிக்க வாய்ப்பில்லாதவனுக்கும் காது என்ற வாசல் திறந்தே இருக்கிறது.

பிழைப்புக்காக வெளி மாநிலம் வந்த குடும்பங்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். பிள்ளைகள் பள்ளியில் படிப்பது இந்தியும் ஆங்கிலமும் அந்தந்த மாநில மொழியும். வீட்டில் தமிழ் பேசுவார்கள். ஆனால் தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைகள் பலர். அவர்களுக்குத் தமிழ் என்பது காதால் வந்த மொழி. டிராகன் பாஷையை ஹிக்கப் கற்றதும் அப்படித்தான்: பள்ளிக்கூடம் இல்லை, பாடப்புத்தகம் இல்லை, கேட்டுக் கேட்டு வந்தது. கேட்பது நின்றால் அந்த மொழியும் நின்றுவிடும்.

கல்கியின் நாவல்கள் போன்றவை தமிழில் ஒலி வடிவில் கிடைக்கின்றன. ஆனால் கைப்பேசியும் காசும் இல்லாமலே நடத்தக்கூடிய ஏற்பாடு ஒன்று உண்டு. இராச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம். அப்பாவோ அம்மாவோ ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து வாய்விட்டு வாசிக்கலாம். டேவிட் டெனன்ட் மாதிரி குரல் மாற்றத் தெரியவில்லையே என்ற கவலை வேண்டாம். ராட்சசன் வரும்போது கொஞ்சம் தடித்த குரல், எலி வரும்போது கொஞ்சம் கீச்சுக் குரல், அது போதும். தீவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கதை சொன்ன தகப்பனார் நடிகர் அல்லவே!

ஒரு சூட்சுமம் மட்டும் தெரிந்துகொண்டால் நல்லது. கதாநாயகன் குகைக்குள் காலை வைக்கும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட வேண்டும். “மிச்சம் நாளைக்கு” என்று சொல்லி விளக்கை அணைத்துவிட வேண்டும். மறுநாள் சாயங்காலம் ‘படி, படி’ என்று யாரும் கத்த வேண்டியிருக்காது. பிள்ளையே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும்.